பஃபினா, கிட்டிவேக்கா: ஒரே மீன், இரண்டு வழி

ஸ்காட்லாந்தின் மே தீவில் பஃபின், கிட்டிவேக் என்ற இரண்டு கடற்பறவைகளுமே குஞ்சுகளுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் சாண்ட்ஈல் என்ற ஒல்லி மீனைத்தான். பிடிக்கும் விதம்தான் வேறு. பஃபின் சிறகடித்தே நீருக்குள் மூழ்கும். 60 மீட்டர் ஆழம்கூடப் போகும். பிடித்த மீனை நாக்கால் மேலண்ணத்து முட்களில் அழுத்திக்கொண்டு, அலகைத் திறந்து அடுத்ததைக் கவ்வும். வளைக்குத் திரும்பும்போது அலகின் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு வெள்ளி வால்கள் தொங்கும். பார்க்கவே அத்தனை அழகு! வளைக்குள் காத்திருப்பது ஒரே குஞ்சு.

கிட்டிவேக்குக்கு மேல்மட்ட நீர்தான் கதி. இரையை விழுங்கிக் கொண்டுவந்து, பாறை விளிம்புக் கூட்டில் கக்கி ஊட்டும். மீன் சற்று ஆழத்துக்கு இறங்கினாலே குஞ்சுகள் பட்டினிதான். அதனால் என் கவலையெல்லாம் இதன் மீதே. 2024-இல் ஸ்காட்லாந்துக் கடல் முழுக்க சாண்ட்ஈல் பிடிப்பதை நிறுத்தினார்கள். ரொம்ப முன்பே செய்திருக்க வேண்டியது.