எட்டுக்கு ஐந்து பாத்ரூம், 11 வருடப் புழக்கம்

தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் போன வாரம் பிளானை அனுப்பி, "உங்க வீட்டு அளவேதான்டா, எட்டுக்கு ஐந்து. கம்மோடு எந்த கம்பெனியில் வாங்கலாம்?" என்று கேட்டான். கம்மோடு கிடக்கட்டும், குளிக்கிற தண்ணீர் போகும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். அவன் பிளானில் அது இல்லை. 2014இல் திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் போட்ட பிளானிலும் அது இல்லை. அதற்கான பலனை 11 வருடமாக அனுபவித்து, போன மாதம் தரையை உடைத்துச் சரிசெய்து முடித்திருக்கிறேன், அதுவும் முழுதாக முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் கேட்பது குறைந்தது 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். எட்டுக்கு ஐந்து என்றால் 3.7 சதுர மீட்டர் வருகிறது, தாராளம். கதவைத் திறந்தால் வாஷ்பேசின், அடுத்து கம்மோடு, கடைசியில் வென்டிலேட்டருக்குக் கீழே குளிக்கும் இடம். இந்த வரிசை சரியானது, கை கழுவ வருபவர் ஈரத்தில் கால் வைக்க வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் சுவர் டைல் ஒன்றுகூடப் பெயரவில்லை, சுவருக்குள் போன பைப் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொத்தனார் வேலை தெரிந்தவர்தான்.

ஆனால் பிளம்பர் ஒரு வேலை செய்தார். வெளியே கழிவுநீர் போய்ச் சேரும் சேம்பர் கதவுப் பக்கம் இருந்ததால், வாஷ்பேசினுக்கு அடியில் ஒரே ஒரு டிராப்பை, அதாவது தரைத் தண்ணீர் இறங்கும் ஓட்டையை, வைத்து, "எல்லாத் தண்ணீரும் இதிலேயே போய்விடும் சார், எதற்கு இரண்டு" என்றார். மிச்சமானது ஐந்தாறு அடி பைப். அன்றைக்குப் பூச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தது, சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அப்புறம் நடந்தது இதுதான். கடைசி மூலையில் ஊற்றிக் குளிக்கும் தண்ணீர் கம்மோடைச் சுற்றிக்கொண்டு ஏழு அடி நடந்து கதவருகே போய்த்தான் விழ வேண்டும். 80க்கு 1 என்று வாட்டம் வைத்தால்கூட ஏழு அடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் வேண்டும். எங்கள் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது அதில் பாதிகூட இல்லை. வரிசை சரியாக இருந்தும் தரை முழுக்க ஈரம், காலையில் ஆறு மணிக்குக் குளித்தால் பத்து மணிக்கும் காயாது. நான்காவது வருடம் கதவின் அடிப்பலகை உப்பி உளுத்து, பிவிசி கதவு மாற்றினோம். கம்மோடைச் சுற்றிப் பூசிய வெள்ளை சிமெண்ட் கறுத்தது. பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் பெயின்ட் உரிந்தது. இதெல்லாம் பரவாயில்லை. போன வருடம் அம்மா வாஷ்பேசின் முன்னால், அந்த ஈரத்தில்தான், வழுக்கி விழுந்தார்.

விழுந்த அன்றுதான் இன்னொன்றும் புரிந்தது. கதவு உள்பக்கம் திறக்கிறது, அம்மாவின் கால் அதற்குக் குறுக்கே இருந்தது. தள்ளினால் அவருக்கு வலிக்கும், தள்ளாவிட்டால் உள்ளே போக முடியாது. எலும்பு முறியவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

போன மாதம் தரையை உடைத்துக் குளிக்கும் மூலையில் தனி டிராப் வைத்து, அந்த நான்கடியை மட்டும் அரை அங்குலம் தாழ்த்தி, சொரசொரப்பு டைல் போட்டோம். ஒன்பது நாள் வேலை. குளித்த தண்ணீர் இப்போது அங்கேயே இறங்கிவிடுகிறது, வாஷ்பேசின் பக்கம் காய்ந்து கிடப்பதைப் பார்க்க அவ்வளவு நிம்மதி. ஆனால் செலவைக் குறைக்கக் கம்மோடைக் கழற்ற வேண்டாம் என்று டைல்ஸ்காரர் சொன்னதை மறுபடியும் கேட்டுக்கொண்டேன் பாருங்கள், அதன் பின்னால் கையகலத்துக்குத் தண்ணீர் தேங்குகிறது. தினமும் துடைப்பானோடு குனிந்து அதைத் தள்ளுகிறேன். இதை எழுத உட்காரும் முன்னாலும் தள்ளிவிட்டுத்தான் வந்தேன், கோபம் இன்னும் அடங்கவில்லை.

நினைத்துப் பார்க்காமல் கிடைத்த நல்லது ஒன்று உண்டு. சமையலறை மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கிரானைட் துண்டை வீணாக்க வேண்டாமே என்று குளிக்கும் மூலையில் 17 அங்குல உயரத்தில் சின்னத் திண்ணையாகப் பதித்தோம். அம்மா அதில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் சீயக்காயை அவசரமில்லாமல் தேய்க்க, குதிகாலைக் கல்லில் உரச, பேத்தியை நிறுத்திக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். வென்டிலேட்டர் கிழக்குப் பக்கம் இருப்பதால் காலை வெயில் நேராக அந்தக் கல்லில் விழும். மொத்த வீட்டில் எனக்கு மிகப் பிடித்த இரண்டு சதுர அடி அது. விளிம்பை மட்டும் உருட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தொடையில் வெட்டும்.

ஆக, இந்த பாத்ரூமை அப்படியே கட்டலாமா என்றால், கூடாது. அளவு நல்லது, வரிசை நல்லது, திண்ணை அருமை, இருந்தாலும் கூடாது என்றுதான் நண்பனிடம் சொன்னேன். இன்றைக்கு யார் கேட்டாலும் இதுதான் என் பதில். டிராப் இரண்டையும் பிளானில் குறித்து, பிளம்பர் வரும் நாளில் அங்கேயே நிற்கச் சொன்னேன். டைல் ஒட்டி முடித்ததும் கம்மோடு வைப்பதற்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரைச் சுவரோரமாக ஊற்றிப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும், எங்காவது நின்றால் அந்த டைலைப் பெயர்த்துப் போட்ட பிறகுதான் மீதிக் கூலி. அவன் நேற்று புதுப் பிளான் அனுப்பியிருக்கிறான். டிராப் இரண்டு இருக்கிறது, கதவு இன்னும் உள்பக்கம்தான் திறக்கிறது. இன்று இரவு கூப்பிட்டுப் பேச வேண்டும்.