15 வாட் போதும்: வாக்ஸ் ஏசி-15 உடன் சில ஆண்டுகள்

கிட்டார் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, எந்த ஆம்பின் டோன், அதாவது ஒலியின் குணம், நன்றாக இருக்கும் என்பது. நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள்: எங்கே வாசிக்கப் போகிறீர்கள், எவ்வளவு சத்தமாக வாசிக்க முடியும்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் வால்வைப் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) பற்றியும் ஸ்பீக்கரைப் பற்றியும் பேசுவது வீண். வருடக்கணக்காக ஒரே ஆம்பை வைத்து வாசித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். ஆம்ப், இரண்டு சேனல் உள்ள வாக்ஸ் ஏசி-15. கிட்டார், டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் மாடல். வீடு, சென்னையில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி. அவ்வப்போது நண்பர்களோடு ஒத்திகை அறை, எப்போதாவது மேடை.

ஏசி-15 இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் 1958இல் வந்தது. வடிவமைத்தவர் டிக் டென்னி. கூச்சல் போடும் கூட்டத்துக்கு அது போதவில்லை என்று அடுத்து ஏசி-30 வந்தது. ஷாடோஸ், பீட்டில்ஸ் குழுக்கள், குவீன் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே என்று பெரிய பெயர்களெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டதால், 30தான் அசல், 15 அதன் தம்பி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சக்தி இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆக 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் நடுவே காது உணர்வது கொஞ்சம்தான். முதுகு உணர்வது அதிகம். என்னுடையதே ஏறக்குறைய 22 கிலோ. அதைப் படியேற்றும்போது ஏசி-30 வாங்காததற்காக என்னை நானே பாராட்டிக்கொள்வேன்.

இதன் அழகு, விரலுக்குக் கொடுக்கும் மரியாதை. இரண்டு சேனல்களில் பிரகாசமான டாப் பூஸ்ட் சேனலில் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பி, மொத்தச் சத்தத்தை ஆளும் மாஸ்டர் குமிழையும் தாராளமாகத் திறந்துவிட்டு, இரண்டாம் தந்தியின் எட்டாம் ஃப்ரெட்டை மென்மையாகத் தொட்டால் கணீரென்று சுத்தமாக வரும். அதே ஸ்வரத்தைப் பிக்கால் ஓங்கி அடித்தால் ஓரங்களில் கரகரப்பு ஏறும். தந்தியை ஒரு முழு ஸ்வரம் மேலே இழுத்து நிறுத்தினால் கார்வை அறுபடாமல் நீளும். அடங்கும்போது கரகரப்பு முதலில் உதிர்ந்து, வெறும் நாதம் மட்டும் கடைசி வரை நிற்கும். கிட்டாரின் வால்யூம் குமிழை ஏழுக்குக் குறைத்தால் மறுபடியும் சுத்தம். ஒலியை மாற்றும் பெடலைக் காலால் மிதிக்காமலேயே ஒரு பாட்டை முடித்துவிடலாம். ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளான இரண்டு ஈஎல்84களும் அவற்றின் எல்லையை நெருங்கும்போதுதான் இது நடக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டுப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

குமிழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. மிட் என்று தனியாக எதுவும் இல்லை. ட்ரெபிளும் பாஸும் ஒன்றையொன்று இழுப்பவை. இரண்டையும் முழுக்க ஏற்றினால் நடு ஸ்தாயி குழிந்துபோய், குழுவோடு வாசிக்கையில் கிட்டார் காணாமல் போகும். டோன் கட் குமிழ் நேரெதிர். வலப்பக்கம் திருப்பத் திருப்ப உச்ச ஸ்தாயி குறையும். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் (தந்தியின் அடிமுனை அருகே ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள்) காதைக் குத்துகிறது என்பவர்கள் முதலில் தொட வேண்டியது அதைத்தான்.

இனி வீடு. 15 வாட் வால்வு ஆம்ப் படுக்கையறையில் முழு மூச்சில் பாடினால் கீழ்வீட்டு மாமி மட்டுமல்ல, எதிர் பிளாக்கும் வந்து நிற்கும். மாஸ்டரை இறக்கி வாசிக்கலாம். முன்பகுதி வால்வுகளின் கரகரப்பு கிடைக்கும், பவர் வால்வுகளின் விம்மல் கிடைக்காது. கூடவே காதும் ஏமாற்றுகிறது. குறைந்த சத்தத்தில் மனிதக் காது கீழ் ஸ்தாயியையும் உச்ச ஸ்தாயியையும் சரிவரப் பிடிப்பதில்லை என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள். அதனால் இரவில் மெல்ல வாசித்து அமைத்த டோன், ஒத்திகை அறையில் கும்மென்றும் கூர்மையாகவும் தாறுமாறாகக் கேட்கும். அங்கே பாஸைக் குறைத்து, டோன் கட் குமிழை ஏற்றினால் சரியாகிவிடும். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே சத்தத்தைத் தணிக்கும் அட்டென்யுவேட்டர் போட்டும் பார்த்தேன். மிச்ச சக்தியை அது வெப்பமாக விழுங்கிக்கொள்கிறது. கொஞ்சம் தணித்தால் நல்ல பலன்; ஒரேயடியாக அமுக்கினால் உயிர் போய்விடுகிறது. ஸ்பீக்கர் கூம்பே அசையாதபோது அதன் பங்கு எப்படிக் கிடைக்கும்?

காசில்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் ஒன்று உண்டு. ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து, உறுதியான மர ஸ்டூலின் மேல் வைத்தேன். 12 அங்குல ஸ்பீக்கர் உச்ச ஸ்தாயியை டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் வீசும். தரையில் வைத்தால் அது முழங்காலுக்குப் போகிறது. நின்று வாசிப்பவர் ட்ரெபிள் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார், எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அவதிப்படுவார். சுவரையொட்டி வைத்தால் பாஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும். நூறு பேர் வால்வு மாற்றிப் பார்க்கிறார்கள். ஆம்பை ஒரு முழம் நகர்த்திப் பார்ப்பவர் குறைவு.

வால்வு மாற்றமும் செய்து பார்க்காமல் இல்லை. பழைய காலத்துச் சரக்கு என்று ஒருவர் பெரிய விலை சொல்லி விற்ற பவர் வால்வு ஜோடி, சாதாரணப் புது ஜோடியிலிருந்து என் காதுக்குப் பெரிதாக வேறுபடவில்லை. முன்பகுதியின் முதல் வால்வான 12ஏஎக்ஸ்7க்குப் பதிலாக 12ஏடி7 வால்வு போட்டால் பெருக்கம் குறைந்து சுத்தமான ஒலிக்கு இடம் கூடும். அது தெளிவாகத் தெரியும் மாற்றம். ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஸ்பீக்கர்தான். உள்ளே இருந்த செலஸ்டியன் கிரீன்பேக்கைக் கழற்றிவிட்டு அதே நிறுவனத்தின் நீல ஆல்னிகோ (ஆல்னிகோ காந்தம் கொண்ட) ஸ்பீக்கரைப் பொருத்தினேன். முன்னது 98 டெசிபல், பின்னது 100 டெசிபல் உணர்திறன். கிரீன்பேக் நடு ஸ்தாயியில் கனமாக உறுமும். நீலம் மேலே மணியோசை போலத் திறந்துகொள்ளும், கார்டின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். விலை அதிகம்தான். புதிதாக இருந்தபோது சற்று விறைப்பாக இருந்து, வாசிக்க வாசிக்க இளகியது. ராக் மட்டும் வாசிப்பவராக இருந்தால் கிரீன்பேக்கிலேயே நிற்கலாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் ஊர் அனுபவம் முழுமையாகாது. எர்த் சரியில்லாத சாக்கெட்டில் செருகினால் இரைச்சல் வரும், ஷாக்கும் அடிக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள். மின்வெட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால் ஸ்பீக்கரில் வண்டு குடியேறும். அப்போது ஆம்பை அணைத்துவிடுவதே மேல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ரெக்டிஃபை ஆனபின், அதாவது ஆம்புக்குள் நேர்மின்னோட்டமாக மாறியபின், மிஞ்சும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட், அதாவது ஜி, 98 ஹெர்ட்ஸ். அமைதியான அறையில் அந்த ஜியை நீளமாகப் பிடித்தால் இரண்டும் உரசி நொடிக்கு இரண்டு அலையாக அசைவது கேட்கும். கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது; மன்னிக்கவும்.

பராமரிப்பு சுலபம். ஒருமுறை ஒரு வால்வு அதிர்வையெல்லாம் பிடிக்கும் மைக் போலாகி, சில ஸ்வரங்களுக்கு டிங் என்று கூடவே ஒலித்தது. ஆம்ப் ஓடும்போது பென்சிலின் பின்முனையால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினால் குற்றவாளி சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் உள்ளே கை விட வேண்டாம். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிர்க்கொல்லி மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் ஆம்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது. நாம் இசைத்தட்டில் கேட்டு ஏங்கும் டோன், பெரும்பாலும் ஸ்பீக்கரை ஒட்டி வைத்த மைக் கேட்ட டோன். அறையில் நாலடி தள்ளி நிற்கும் நமக்கு அது அப்படியே கிடைக்காது. மேடையில் என் ஏசி-15 முன்னால் ஒரு எஸ்எம்57 மைக் வைத்து, அரங்கின் ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் என் மனதிலிருந்த ஒலி வெளியே வந்தது. அந்த ஒலி ஹெட்ஃபோனிலேயே வேண்டும் என்பவருக்கு ஆம்பின் ஒலியைக் கணினி முறையில் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலர்தான் சரி. நள்ளிரவில் நானும் அதைத்தான் எடுக்கிறேன். பெடல்களை வரிசையாக அடுக்குபவர், துளிக் கரகரப்பும் வேண்டாதவர், 1975இல் வந்து இன்றும் மாறாமல் நிற்கும் ரோலண்ட் ஜேசி-120 என்ற டிரான்சிஸ்டர் ஆம்பைக் கேட்டுப் பார்க்கலாம். வால்வே இல்லை, வால்வு மாற்றும் செலவும் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாளாவது கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வாசிக்க இடம் இருப்பவருக்கு ஏசி-15ஐத் தயங்காமல் சொல்வேன். கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள், ஸ்டூலின் மேல் வைக்கச் சொல்லுங்கள், மாஸ்டரைத் திறக்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.