ஏப்ரல் முட்டாள் எங்கே பிறந்தான்? காலண்டரா, சேவலா, கல்யாண விருந்தா?

ஏப்ரல் 1 நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்துவிடும் கதை இது: பிரான்ஸில் புத்தாண்டை ஜனவரி 1-க்கு மாற்றினார்களாம், விஷயம் தெரியாமல் ஏப்ரலிலேயே கொண்டாடியவர்களைக் கேலி செய்தார்களாம், அதுதான் முட்டாள்கள் தினமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரசாணையும் நிஜம்தான், 1564-இல் ஒன்பதாம் சார்லஸ் மன்னர் போட்டது. ஆனால் அதற்கு முன்பு பிரெஞ்சு அரசாங்கக் கணக்கில் ஆண்டு பிறந்தது ஈஸ்டரில்; ஈஸ்டரோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே வருஷா வருஷம் நகர்கிற பண்டிகை. அப்படியிருக்க ஏப்ரல் 1 மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது?

இங்கிலாந்துக்குப் போனால் இந்தக் கதை இன்னும் தள்ளாடுகிறது. அங்கே 1752 வரை சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-இல். ஆனால் ஜான் ஆப்ரே என்ற ஆங்கில எழுத்தாளர் 1686-லேயே ஏப்ரல் 1-ஐ முட்டாள்களின் திருநாள் என்று குறித்துவிட்டார், 1698-இல் லண்டன் டவர் கோட்டையில் சிங்கங்களைக் குளிப்பாட்டுகிறார்கள், போய்ப் பார் என்று ஆட்களைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அவர்களும் நம்பிப் போயிருக்கிறார்கள்!

ரோமாபுரியின் ஹிலாரியா விழாவைச் சொல்பவர்களும் உண்டு. மார்ச் 25, மாறுவேடம், சிரிப்பு எல்லாம் சரி, ஆனால் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஒரு தடயமும் இல்லாமல் அது எங்கே ஒளிந்திருந்தது?

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாஸரிடம்தான் தொடக்கம் என்பவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். தற்பெருமை பிடித்த சேவலை நரி புகழ்ந்தே ஏமாற்றும் அவருடைய கதையில், மார்ச் தொடங்கி 32 நாள் என்று ஒரு வரி வருகிறது. மார்ச் 32 என்றால் ஏப்ரல் 1 தானே! பொருத்தமான கதை, பொருத்தமான தேதி, எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அடுத்த வரிகளிலேயே சூரியன் ரிஷபத்தில் 21 பாகை தாண்டியிருப்பதாகச் சொல்லிவிடுகிறார், அது மே 3-க்குத்தான் பொருந்தும். மார்ச் முடிந்து 32 நாள் என்பதைப் படியெடுத்தவர் சொதப்பியிருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள்.

1983-இல் பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பாஸ்கின் இன்னொரு கதை சொன்னார்: கான்ஸ்டன்டைன் பேரரசர் தன் விதூஷகன் கூகலை ஒருநாள் ராஜாவாக்கினார், அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்று. அசோசியேட்டட் பிரஸ் அதைச் செய்தியாகவே அனுப்பிவிட்டது. கூகல் என்பது யூதர்கள் வீட்டில் நூடுல்ஸ் போட்டுச் செய்கிற ஒரு பலகாரம். பேராசிரியர் விட்ட ரீல் அது.

என் ஓட்டு, யாரும் ஃபார்வர்ட் செய்யாத ஒரு ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியத்தின் டச்சு மொழி) கவிதைக்கு. எட்வார்ட் டி டேன் 1561-இல் எழுதியது, அதாவது பிரெஞ்சு ஆணைக்கு மூன்று வருஷம் முன்பு. கல்யாண விருந்துக்கு வேண்டும் என்று சொல்லி ஒரு பிரபு தன் வேலைக்காரனை அர்த்தமில்லாத காரியங்களுக்கு இங்கும் அங்கும் விரட்டுகிறார். அவன் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும், என்னை வீணாக அலையவிடப் பார்க்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது என்று முனகுகிறான். தேதி ஏப்ரல் 1 என்றே இருக்கிறது. (1508-லேயே ஒரு பிரெஞ்சுக் கவிதையில் 'ஏப்ரல் மீன்' என்ற சொல் உண்டு, ஏப்ரல் முட்டாளுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது, ஆனால் அதில் தேதியும் இல்லை, ஏமாற்று விளையாட்டும் இல்லை, அதனால் நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஒரே சிக்கல், அந்த வேலைக்காரனுக்கு அன்றைக்கு என்ன நாள் என்று முன்பே தெரிந்திருக்கிறது. ஆக 1561-லேயே அது பழைய விளையாட்டு.