தூக்கும் ஆயுளும்: லண்டனின் இரண்டு போலீஸ் கொலை வழக்குகள்

1952 நவம்பர் 2, குராய்டன். காவலர் சிட்னி மைல்ஸைக் கிடங்குக் கூரையில் சுட்டுக் கொன்றது 16 வயது கிறிஸ்டோபர் கிரெய்க். 18 நிரம்பாததால் தூக்கு கிடையாது; 1963இல் வெளியே வந்தான். தூக்கில் தொங்கியது அவனோடு திருட வந்த கூட்டாளி, 19 வயது டெரிக் பென்ட்லி. அவன் சுடவே இல்லை; மைல்ஸ் விழுந்தபோது போலீஸ் பிடியில் இருந்தான். கூட்டுக் குற்றம் என்றார்கள். சம்பவத்திலிருந்து தூக்குமேடைவரை மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1993இல் கிடைத்த மன்னிப்பு தண்டனையை மட்டுமே தொட்டது. குற்றத்தீர்ப்பு ரத்தானது 1998 ஜூலை 30இல்: நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது என்பதை நீதிபதி ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லையாம்! 45 ஆண்டு கழித்துக் கண்ட பிழை.

1966 ஆகஸ்ட் 12, பிரேபுரூக் தெரு. மூன்று காவலர்கள் பலி. கொலைக்கான தூக்கு அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் நின்றிருந்தது. சுட்டவர்களில் ஒருவரான ஹாரி ராபர்ட்ஸுக்கு ஆயுள், குறைந்தது 30 ஆண்டு. 1996இல் அது முடிந்தும் விடுதலை 2014இல்தான். இங்கே சண்டை குற்றத்தைப் பற்றியதல்ல, பரோலைப் பற்றியது. அவருக்கும் அவர் வக்கீலுக்கும் காட்டாத ரகசிய ஆதாரத்தைப் பரோல் வாரியம் பார்க்கலாமா? அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 2005இல் 3-2 என ஆம் என்றது.