மேக்னடைட் நானோ படிகங்கள்: அம்மோனியா வழியா, ஒலியேட் வழியா?

மேக்னடைட் என்பது காந்தத்தால் ஈர்க்கப்படும் கறுப்பு இரும்பு ஆக்சைடு. அதன் நானோ படிகங்களைச் செய்ய இரண்டு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். முதல் வழிக்கு இரண்டு இரும்பு உப்புகள் வேண்டும்: பெரஸ் குளோரைடு ஒரு பங்கு, பெரிக் குளோரைடு இரண்டு பங்கு. இரண்டையும் நீரில் கரைத்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கலக்கியபடியே அம்மோனியாவை ஊற்றினால், மஞ்சள் பழுப்பாக இருந்த கரைசல் கண்ணெதிரே மைபோலக் கறுத்துவிடும். பீக்கரின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வையுங்கள். கறுப்பு முழுவதும் அங்கே ஒதுங்கி, நீர் தெளியும். எத்தனை முறை செய்தும் இந்தக் காட்சி எனக்கு அலுத்ததில்லை. கரைந்திருந்த இரண்டு உப்புகளின் இரும்பும் ஒன்றாகத் திண்மமாகப் படிவதால், இதுவே உடன் வீழ்படிவு முறை. 1981-இல் பிரான்சின் ரெனே மசார் இந்த வழியில் நீரில் நிலைத்து நிற்கும் காந்தத் திரவங்களைத் தயாரித்தார்.

இதன் பெரிய குறை அளவு. முதலில் தோன்றிய கருக்கள், அதாவது படிகத்தின் தொடக்கத் துளிகள், வளர்ந்துகொண்டிருக்கும்போதே புதிய கருக்களும் பிறந்துகொண்டிருக்கும். அதனால் 5 நானோமீட்டர் படிகமும் 15 நானோமீட்டர் படிகமும் ஒரே குடுவையில் கிடக்கும். விட்டம் மூன்று மடங்கானால் கன அளவு 27 மடங்காகும்; காந்தத்தன்மையும் அதற்கேற்ப மாறிவிடும். ஆக்சிஜன் புகுந்தால் கறுப்பு மெல்லப் பழுப்பேறி மாகெமைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடு ஆகிவிடும் தொல்லையும் உண்டு.

போட்டி முறை வெப்பச் சிதைவு, அதாவது இரும்புச் சேர்மத்தைச் சூட்டால் சிதைத்துப் படிகமாக்குவது. தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டேக்வான் ஹியோன் குழு 2004-இல் வெளியிட்ட செய்முறை இதில் புகழ்பெற்றது. இரும்புக் குளோரைடையும், ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் உப்பான சோடியம் ஒலியேட்டையும் சேர்த்து, மெழுகுபோன்ற செம்பழுப்பு இரும்பு ஒலியேட்டை எடுக்க வேண்டும். அதை ஒலியிக் அமிலத்தோடு ஆக்டாடெசீன் என்ற கரைப்பானில் கரைத்து, மெதுவாக 320 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். இங்கே கருவாகும் கட்டமும் வளரும் கட்டமும் வெவ்வேறு வெப்பநிலையில் நடக்கின்றன. அளவு சீராக வருவதற்கு அதுதான் காரணம். கரைப்பானை மாற்றினால் அளவும் மாறும்: ஹெக்சாடெசீனில் 5, ஆக்டாடெசீனில் 12, இன்னும் அதிக வெப்பத்தில் கொதிக்கும் ட்ரைஆக்டைலமீனில் 22 நானோமீட்டர். ஒரே தடவையில் 40 கிராம் எடுத்துக் காட்டினார்கள். நானோ படிக ஆய்வகத்தில் அது மலைக்கவைக்கும் அளவு.

ஆனால் அந்தப் படிகங்கள் ஒலியிக் அமிலப் போர்வையோடு பிறக்கின்றன. ஹெக்சேன் போன்ற, நீரோடு கலக்காத கரைப்பானில் அழகாகப் பரவும், தண்ணீரில் சேராது. மருந்தாக உடலுக்குள் செலுத்துவதென்றால் அந்தப் போர்வையை மாற்ற வேண்டும் அல்லது மேலே இன்னொன்றைப் போர்த்த வேண்டும். அதில் படிகங்கள் ஒட்டிக் கட்டியாகும் ஆபத்து உண்டு. மருத்துவமனைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அளவு சீரற்ற அம்மோனியா வழிதான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு மருந்து, நீரிலேயே சர்க்கரைப் பலபடிப் பூச்சோடு செய்யப்படுவது.

குடிநீரில் கலந்திருக்கும் நச்சான ஆர்செனிக்கை நீக்குவதில் கணக்கு வேறு. 2006-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 12 நானோமீட்டர் மேக்னடைட்டால் நீரிலிருந்த ஆர்செனிக்கைப் பிடித்து, வலுக்குறைந்த காந்தப் புலத்திலேயே வெளியே இழுத்தது. படிகம் சிறுத்தால் ஆர்செனிக் ஒட்டும் பரப்பு கூடும், காந்தம் இழுக்கும் விசை குறையும். இரண்டும் எந்த அளவில் ஒத்துவரும் என்று காண, ஒரே அளவுப் படிகங்கள் இல்லாமல் முடியாது. அந்த ஆய்வுக்கு நானும் ஒலியேட் வழியைத்தான் எடுப்பேன். நிலத்தடி நீரில் ஆர்செனிக் கலந்துள்ள மேற்கு வங்கத்தில் ஒரு குழாய்க் கிணற்றடிக்குக் கிலோ கணக்கில் தூள் வேண்டுமென்றால், தயங்காமல் அம்மோனியா பாட்டிலைத் திறப்பேன்.