எல்போ மேல் விசை: உந்தக் கணக்கா, சுவர் அழுத்தக் கூட்டலா?

90 பாகை திரும்பும் எல்போவை, அதாவது குழாயின் வளைவு இணைப்பை, தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. உள்சுவரின் ஒவ்வொரு துண்டிலும் அழுத்தத்தையும் உராய்வையும் கூட்டலாம். அல்லது எல்போவைச் சுற்றி ஓர் எல்லை போட்டு, உள்ளே வரும் உந்தத்தையும் (நிறை × வேகம்) வெளியே போகும் உந்தத்தையும் விசைகளோடு சமன் செய்யலாம். எல்போ நகராமல் பிடித்து நிற்கும் தாங்கு கட்டையை வடிவமைக்க வேண்டுமென்றால், தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன்.

முதல் வழிக்கு, சுவர் முழுக்க அழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டும். சிமுலேஷன் இல்லாமல் அது கிடைப்பது அரிது. உந்தக் கணக்குக்கு இரண்டு முனைகளின் விவரமே போதும். விட்டம் 100 மி.மீ., வேகம் 3 மீ/வி, கேஜ் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேலுள்ளது) 200 கிலோபாஸ்கல், அதாவது 2 பார், என்று வைப்போம். நொடிக்கு 23.6 கிலோ தண்ணீர் ஓடும். ஒவ்வொரு அச்சிலும் உந்த மாற்றம் 71 நியூட்டன்தான். அழுத்தம் × பரப்பு 1571 நியூட்டன். கூட்டினால் 1642, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சும் சேர்ந்து சுமார் 2320 நியூட்டன், வளைவின் வெளிப்பக்கமாக. உந்த மாற்றத்தை மட்டும் போட்டு அழுத்தத்தை விட்டுவிட்டால் விடை 23 மடங்கு குறைந்துவிடும். எல்போவில் ஏற்படும் அழுத்த இழப்பைக் குறிக்கும் இழப்புக் கெழு 0.3 என்றாலும் வெளிமுனை விசையில் 11 நியூட்டன்கூடக் குறையாது.

எல்லாம் எல்லையை எங்கே போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. குழாயின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போட்டால் வளிமண்டல அழுத்தம் தானே அடிபட்டுப் போகும். கேஜ் அழுத்தம் போதும், விடையாக வருவதும் தாங்கு விசையே. அங்கே வளிமண்டலத்தையும் சேர்த்த முழு அழுத்தத்தைப் போட்டால் 1125 நியூட்டன் வீணாகக் கூடும். எல்லை ஃபிளேஞ்சை (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) வெட்டினால் போல்ட் இழுவிசையும் சமன்பாட்டுக்குள் வர வேண்டும். வளைவின் நடுவில் வெட்டவே கூடாது: அங்கே அழுத்தம் வெளிப்பக்கம் ஏறி, உள்பக்கம் இறங்கி நிற்கும். நீரோட்டக் கோடுகள் நேராக, இணையாக ஓடும் இடமே சரி. செங்குத்தாக நிற்கும் எல்போவில் தண்ணீரின் எடையும் சேரும்.

உட்பக்கச் சுவரில் குழிவாதல் (அழுத்தம் மிகக் குறைந்து நீராவிக் குமிழ்கள் உண்டாவது) வருமா, எந்த இடம் அரிக்கும் என்பவற்றுக்குச் சுவர் அழுத்த வழிதான் வேண்டும். உந்தக் கணக்கு மொத்த விசையை மட்டுமே தரும்.

காற்றும் நீரும் கலந்து திட்டுத்திட்டாக வரும் குழாயில் இந்தச் சீரான ஓட்டக் கணக்கை நான் நம்பமாட்டேன். வால்வு சட்டென மூடும் இடத்திலும் அப்படியே: குழாயில் அழுத்த அலை பரவும் வேகம் 1200 மீ/வி என்றால் 3 மீ/வி ஓட்டம் நிற்கும்போது அழுத்தம் சுமார் 36 பார் எகிறும். 2 பாருக்குக் கணித்த தாங்கு கட்டை அதற்குத் தாங்காது.