பனியும் ஆலங்கட்டியும் விளக்கும் அறிவியல் பெட்டி: பலகைக்கு முழு மதிப்பெண், கையேட்டுக்கு இல்லை

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான இந்தப் பெட்டியில் ஓர் அட்டைப் பலகை, இரண்டு செய்முறைகளுக்கான சாமான்கள், ஒரு கையேடு இருக்கின்றன.

பலகையிலிருந்து தொடங்குங்கள். மேகம் முதல் தரை வரை வரைந்த படத்தின் மேல் ஒரு சிவப்புப் பட்டை நகர்கிறது. 0 டிகிரிக்கு மேலான காற்றடுக்கு அதுதான். பட்டையைக் கழற்றிவிட்டால் பனிச்செதில் செதிலாகவே தரைக்கு வரும். நடு உயரத்தில் வைத்தால் செதில் உருகித் துளியாகி, கீழுள்ள குளிர்க்காற்றில் மறுபடி உறைந்து, ஸ்லீட் எனும் பனிமணியாகத் தரையில் துள்ளும். பட்டையை இன்னும் இறக்கினால் கீழே குளிரடுக்கு மெலிந்துவிடும். துளி உறைய நேரம் போதாது. 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே விழுந்து, கிளையிலோ மின்கம்பியிலோ பட்டதும் உறையும். இதுதான் உறைமழை. எந்தப் பாடப்படமும் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லாது.

செதில் எப்படிப் பிறக்கிறது என்பதற்குத்தான் கையேட்டில் இரண்டே வரி. மழைத்துளி உறைந்து செதில் ஆவதில்லை. நீராவி நேராகப் படிகத்தின் மேல் படிந்து வளர்கிறது. இதை வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள்.

ஆலங்கட்டிப் பக்கத்தைத் திருத்தித்தான் படிக்க வேண்டும். கட்டி மேகத்துக்குள் பலமுறை ஏறி இறங்குவதாகவும், சுற்றுக்கு ஒரு வளையம் சேர்வதாகவும் எழுதியிருக்கிறார்கள். அத்தனை சுற்று தேவையே இல்லை. நீர்த்துளிகள் மிகுந்த பகுதியில் நீர் மெதுவாக உறைவதால் காற்றுக்குமிழ் வெளியேறித் தெளிவான அடுக்கு உண்டாகும். துளி குறைந்த கடுங்குளிரில் பட்டதும் உறைந்து, குமிழ் சிக்கி, வெள்ளை அடுக்கு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 2010இல் விழுந்த 20 செ.மீ. கட்டியின் படத்தைப் போட்டவர்கள், ஆலங்கட்டிக்குக் கருவாக அமையும் கிராபெலை விட்டுவிட்டார்கள். படிகத்தின் மேல் மீக்குளிர்ந்த (0 டிகிரிக்குக் கீழும் உறையாத) துளிகள் ஒட்டி உருவாகும், விரலால் நசுக்கினால் பொடியும் வெள்ளை உருண்டை அது.

முதல் செய்முறை மீக்குளிர்ந்த நீர். நீர்ப் புட்டியை வைக்கும் கலவைக்கு, பொடித்த பனிக்கட்டி மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு என்கிறது கையேடு. அப்படிப் போட்டால் -15 டிகிரிக்கும் கீழே இறங்கி, நீர் புட்டியிலேயே உறைந்துவிடும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கலவை -8ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். புட்டியில் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீர்தான். தூசி இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு முன்கூட்டியே உறையும். புட்டியை ஆட்டாமல் எடுத்து ஒரு பனிக்கட்டித் துண்டின் மேல் ஊற்றினால், ஊற்ற ஊற்றக் கூழ்ப்பனி கோபுரமாக எழும்.

இரண்டாவது, புட்டிக்குள் படிகம் வளர்ப்பது. புட்டியைத் தலைகீழாக்கி, மேலே ஈரப் பஞ்சு, நடுவில் தொங்கும் நூல், அடியைச் சுற்றி உலர்பனி (உறைந்த கரியமில வாயு). பெட்டியிலுள்ள பருத்தி நூல் உதவாது. அதன் இழைகளில் எல்லாப் பக்கமும் படிகம் முளைத்து வெறும் பஞ்சுத்திரிபோல் ஆகும். மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போடுங்கள், கிளைவிட்ட படிகங்கள் தனித்தனியே தெரியும். உலர்பனியைத் தனியாக வாங்க வேண்டும். -78 டிகிரி என்பதால் தடித்த கையுறை கட்டாயம், சன்னல் திறந்திருக்க வேண்டும். மிச்சத்தை மூடி இறுக்கிய பாத்திரத்தில் வைத்தால் வாயு பெருகி வெடிக்கும். பெட்டியின் மேல் அச்சிட வேண்டிய இந்த எச்சரிக்கை கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.